ஆமாம், காயலான் கடைத் துப்பாக்கிதான்

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் இடத்தில், நானே பழுது பார்த்த பழைய துப்பாக்கியால் நான் சுட்ட அந்த வீடியோவை இதுவரை எனக்கே பதினோரு பேர் ஃபார்வர்ட் செய்துவிட்டார்கள். அதில் ஒருவர், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்தான் என்று தெரியாமல், "ப்ரோ, இந்தக் கூத்தப் பாருங்க" என்று அனுப்பியிருக்கிறார். நானும் சிரித்தேன். மூன்று நாள் சிரித்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை, அதனால் இந்தப் பதிவு.

ஆமாம், ஆறு தோட்டாவும் குறி அட்டையைத் தாண்டி மேலேதான் போனது. ஆமாம், வீடியோவுக்குத் தலைப்பு வைத்த அண்ணன் அடித்தது நல்ல ஜோக்தான்: "இத்தாலிக்காரன் துப்பாக்கி, சுட்டதே கிடையாது, ஒரே ஒரு தடவ கீழ போட்டிருக்கான்." கார்கானோ என்கிற இந்த இத்தாலியத் துப்பாக்கியை வைத்திருக்கும் எவனும் இந்த ஜோக்கைக் கேட்காமல் தப்பித்ததில்லை. "காயலான் கடை கமாண்டோ" என்ற தலைப்பு மட்டும் அண்ணனின் சொந்தச் சரக்கு. வாழ்த்துகள்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அன்று அடகுக் கடையில் நான் வாங்கியது எட்டு மாதச் சனிக்கிழமைகளுக்கான வேலை. கூடவே ஒரு துப்பாக்கியும் வந்தது. இது புரிந்தால் மீதியைப் படிக்கவே வேண்டாம்.

கடையின் மூலையில், நரம்பறுந்த ஒரு கிடாருக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள். விலைச்சீட்டில் இரண்டு தடவை அடித்து எழுதி 140 டாலரில் வந்து நின்றிருந்தது. மான் வேட்டைக்குத் தோதாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு மகராசன் முன்பக்கக் கட்டையை ரம்பத்தால் அறுத்திருந்தான். மிச்சம் இருந்த மரத்துக்குக் கல்யாண மண்டபக் கதவு மாதிரி பளபளவென்று வார்னிஷ். குழலில் துருவைத் தேய்த்துப் பார்த்தால் ஒரு கிரீடம், டெர்னி என்ற ஊர்ப் பெயர், 1941. சுதந்திரத்துக்கே ஆறு வருஷம் மூத்தது. கடைக்காரரே "இது எதுக்கு உனக்கு, சேர்த்து நூறு போட்டா புதுசே வாங்கலாமே" என்றார். அவர் சொன்னதில் எனக்கு வலிக்கவில்லை. அவர் வியாபாரி.

கணக்கு கேட்டவர்களுக்குக் கணக்கு. துப்பாக்கி 140. இது சுடுவதற்குப் பாதுகாப்பானதுதானா என்று கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கி மெக்கானிக்கிடம், காட்டியதற்கு 45. ஆறு தோட்டாவைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் நான்கு, 18. ஆளிவிதை எண்ணெய், உப்புத்தாள், ஸ்டீல் உல், 23. மொத்தம் 226 டாலர். தோளில் மாட்டும் பட்டை, பிய்ந்துபோன ஆபீஸ் பையிலிருந்து வெட்டியது. துருப்பிடித்த சின்னச் சாமான்களை என் மனைவியின் இட்லிக் குண்டானில் போட்டுக் கொதிக்க வைத்தேன். புதுக் குண்டான் 38 டாலர். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, வீட்டில் சேர்த்துவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள், அந்தக் கொதிக்கவைப்பது ஒரு அருமையான வேலை. சிவப்புத் துருவைக் கொதி தண்ணீரில் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுப்பாக மாறும். எடுத்து ஸ்டீல் உல்லால் மெதுவாகத் தேய்த்தால் மேலே இருக்கும் கரி மட்டும் உதிரும், அடியில் கருநீலமாக ஒரு பூச்சு நிற்கும். கட்டையில் இருந்த பள்ளங்களுக்கு இஸ்திரிப் பெட்டி. பள்ளத்தின் மேல் ஈரத்துணி, அதன் மேல் சூடான பெட்டி. ஆவி உள்ளே இறங்கி, எண்பது வருஷமாக நசுங்கிக் கிடந்த நார் "உஸ்" என்று எழுந்து வரும். கண்ணெதிரில் எழுந்து வரும் ஐயா! இதைப் பார்த்த சனிக்கிழமை நான் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

இப்போது அண்ணன்மார்களுக்கு.

"மட்டமான துப்பாக்கி, குறி வைக்கவே ஆகாது." சரி. ஏன் ஆகாது என்று ஒருத்தராவது கேட்டீர்களா? டூரின் நகரத்து ஆயுதச் சாலையில் சால்வத்தோரே கார்கானோ என்பவர் உருவாக்கியது, 1891 மாடல் என்ற பெயரில் இத்தாலியப் படை ஏற்றுக்கொண்டது. இங்கே எல்லோரும் மான்லிக்கர் என்ற வேறொரு வடிவமைப்பாளரின் பெயரையும் சேர்த்து மான்லிக்கர் கார்கானோ என்கிறார்கள். மான்லிக்கருடையது என்று சொல்வதற்கு அதில் இருப்பது அந்த ஆறு தோட்டா கிளிப் முறைதான். 6.5 மில்லிமீட்டர் என்று பெயரே ஒழிய இதற்கான குண்டு .268 அங்குலம். மற்ற 6.5 துப்பாக்கிகளின் குண்டு .264. வித்தியாசம் ஒரு பேப்பர் கனம். அந்த ஒரு பேப்பர் கனம் குறைந்த குண்டைப் போட்டுச் சுட்டுவிட்டு, குழலைப் பிடிக்காமல் எங்கெங்கோ போகிறதே என்று தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கியைத் திட்டியிருக்கிறார்கள். அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு தன் காலைக் குறை சொல்கிற கதை.

ஞாயிற்றுக்கிழமை கதையும் அதுதான். என் மாடலில் பின்பக்கக் குறி அசையாது, 200 மீட்டருக்கென்று அடித்து வைத்தது. 100 கெஜத்தில் அட்டை வைத்தால் மேலேதான் போகும். முன்குறியின் நுனியைப் பின்பக்கப் பள்ளத்தின் அடியில் வைத்துப் பார்க்க வேண்டும், இத்தாலியச் சிப்பாய் அப்படித்தான் பார்த்தான். இது எனக்கு ஞாயிறு தெரியாது, திங்கள் இரவு படித்தேன். செவ்வாய் ஆபீஸ் முடிந்து தனியாகப் போனேன். ஆறில் ஐந்து, உள்ளங்கைக்குள். கடைசித் தோட்டா ஏறியதும் காலி கிளிப் அடிவழியாகக் கழன்று சிமென்ட் தரையில் "டிங்" என்று விழுந்தது. அதை வீடியோ எடுக்கத்தான் யாரும் இல்லை.

அடுத்து, "டாலஸில் இருந்துகொண்டு, போயும் போயும் கென்னடியைச் சுட்ட துப்பாக்கியா?" அந்தத் துப்பாக்கி நேஷனல் ஆர்க்கைவ்ஸில் இருக்கிறது, என் கராஜில் இல்லை. 1963 மார்ச்சில், கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட் அதைச் சிகாகோ கடை ஒன்றிலிருந்து பொய்ப் பெயரில் தபாலில் வாங்கினான். தொலைநோக்கியோடு 19.95 டாலர், அனுப்பும் செலவு சேர்த்து 21.45. அந்த வருஷம் நவம்பர் 22க்குப் பிறகு இந்த இனத்துக்கே நல்ல பெயர் கிடையாது. அது புரிகிறது. ஆனால் ஒரே ஆள், அதே பிரியாணித் தட்டோடு, "இது எதையும் சுடாது" என்றும் சொல்கிறார், "கென்னடியச் சுட்டதே இதான்" என்றும் சொல்கிறார். ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே.

அந்தக் கீழே போட்ட ஜோக்கைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1941 பிப்ரவரி, மார்ச்சில் எரித்திரியாவின் கெரன் மலையில் 4ஆம், 5ஆம் இந்தியப் படைப்பிரிவுகள் ஏறின. மேலே இருந்து அடித்த இத்தாலியர் கையில் இந்தக் கார்கானோதான். சுபேதார் ரிச்பால் ராம் அங்கேதான் இறந்தார், இறந்த பிறகு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அவ்வளவு சுலபமாகக் கீழே போட்டிருந்தால் நம் ஆட்கள் ஏன் அத்தனை வாரம் அந்த மலையில் கிடந்தார்கள்?

"பழைய பொருளை மாற்றக் கூடாது, வரலாற்றை அழிக்கிறீர்கள்" என்று எழுதிய தம்பிக்கு: கட்டையை அறுத்தது நான் இல்லை. போய் அறுத்தவனைக் கேள்.

இன்னொரு கேள்வியைத் தனியாக இன்பாக்ஸில் கேட்டார் ஒரு தோழி. ஆலன் மால் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகுமா என்று. 2023 மே மாதம், எட்டுப் பேர் செத்தார்கள், இங்கிருந்து கால் மணி நேரம். அந்த வாரம் நாங்கள் எல்லோரும் எப்படி இருந்தோம் என்று எங்களுக்குத் தெரியும். துப்பாக்கியோடு யாராவது வந்தால் என்ன செய்வது என்று என் ஒன்பது வயது மகள் பள்ளியில் லைட்டை அணைத்துவிட்டு மேஜைக்கடியில் உட்கார்ந்து பழகுகிறாள், அதுவும் தெரியும். இரும்பு அலமாரி, இரண்டு பூட்டு, தோட்டா வேறு அறையில், சாவி என்னிடம். இது ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய கிழட்டுச் சாமான். இதெல்லாம் பதிலா என்று கேட்டால், தெரியவில்லை. இதைப் பற்றி இங்கே மேலே பேச எனக்கு விருப்பம் இல்லை. அந்தத் தோழி கேட்டதில் கோபமும் இல்லை. அவர் வீடியோவுக்குச் சிரிப்பு எமோஜி போடவில்லை.

எனக்கு உண்மையில் சுட்டது அந்த "காயலான் கடை" என்ற வார்த்தை.

அப்பா கோவில்பட்டியில் தையல் மெஷின் மெக்கானிக். பஜாரில் ஒரு மூன்றடிக் கடை. எண்ணெய் வாசனை, பாபின் கேஸ், அறுந்த தோல் பெல்ட். யாருக்கும் வேண்டாம் என்று தள்ளிய மெஷின்களை எடைக்கு வாங்கி வருவார். பெயர் தெரியாத கம்பெனி, கால் உடைந்தது, நூலைக் கடிப்பது, இப்படி. பள்ளியில் என் பெயரே காயலான் கடைதான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. அப்பா அந்த மெஷின்களைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஷட்டிலை மாற்றி, ராத்திரி பதினொன்றுக்கு ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்து, தையலை விரலால் தடவுவார். அந்த மெஷின்களில் ஜாக்கெட் தைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர். புது மெஷின் வாங்க வக்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போதும் அவர்கள்தான் சிரித்தார்கள்.

அண்ணனின் துப்பாக்கியைக் குறை சொல்லவில்லை. நல்ல துப்பாக்கி. மேலே இருக்கும் ஸ்கோப் மட்டும் என் மொத்தச் செலவைப் போல நாலு மடங்கு. அதை மாட்டும் ஸ்க்ரூவைக்கூடக் கடைக்காரர்தான் முடுக்கிக் கொடுத்தார், நானும் பக்கத்தில் நின்றேன். நான் அப்போது சிரிக்கவில்லையே அண்ணே. சமைக்கத் தெரியாது, கார் டயர் மாற்றத் தெரியாது, பட்டனைத் தைக்கத் தெரியாது, ஆனால் தன் கையால் ஒன்றைச் செய்தவனைப் பார்த்துச் சிரிக்க மட்டும் நன்றாகத் தெரிகிறது நமக்கு. சரி, கொஞ்சம் அதிகமாகப் போகிறேன். இருக்கட்டும், அழிக்கப் போவதில்லை.

நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். துப்பாக்கி என்றதும் திட்டுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். பிறகு கூப்பிட்டார்.

"மரத்துல எண்ண நல்லா இறங்கியிருக்கு. எத்தன கோட்டு?"

"எட்டுப்பா."

"ம். பின்னாடி அந்த ஸ்க்ரூ தலை ஏன் செதஞ்சிருக்கு? பிளேடு அளவு பாக்காம போட்டு முறுக்கினியாக்கும்?"

அறுத்த மகராசன்தான் செய்திருப்பான் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் செய்தேன், மூன்றாவது சனிக்கிழமை.

அந்தப் பின்பக்க ஸ்க்ரூ இப்போது ஒன்று தேவை. பழைய கார்கானோ உதிரி யாரிடமாவது கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது. அண்ணன் தேட வேண்டாம்.