‘ஹவுஸ்’ 4-ஆம் சீசன் ஏன் 16 எபிசோடு?

‘ஹவுஸ்’ என்ற அமெரிக்க மருத்துவத் தொலைக்காட்சித் தொடரின் 4-ஆம் சீசன் வழக்கத்தைவிடக் குறைவாக 16 எபிசோடோடு முடிந்ததற்குப் பார்க்க ஆள் இல்லாததே காரணம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க. அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் 2007 நவம்பர் 5 முதல் 2008 பிப்ரவரி 12 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். கதை எழுத ஆளில்லாமல் படப்பிடிப்பு நின்றது. பார்க்க ஆள் இருந்தார்கள், அதுவும் தாராளமாக: அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் முடிந்த கையோடு வந்த, இந்த சீசனின் ‘ஃப்ரோசன்’ எபிசோடைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 2.9 கோடிப் பேர். மொத்தத் தொடரிலும் அதுதான் உச்சம்.

சரிபார்ப்பது சுலபம். எபிசோடு பட்டியலில் ஒளிபரப்பான தேதிகளை மட்டும் பாருங்கள். 2008 பிப்ரவரி 5-க்கு அடுத்த எபிசோடு ஏப்ரல் 28-இல்தான் வந்திருக்கும். அப்புறம் இன்னொரு அமெரிக்கத் தொடரான ‘கிரேஸ் அனாடமி’யின் 4-ஆம் சீசனையும் எண்ணிப் பாருங்கள். அதே வருடம், அதுவும் 17-இல் முடிந்திருக்கும்.