ஆடு கொடுத்தவரைக் கொலைகாரராக்கிய வீடியோ

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரகசியம் இது என்று, கோயில் கல்வெட்டில் கலர்ப்பொடி தேய்த்து ஒரு தம்பி போட்ட வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு உள்பெட்டியில் அதையே அனுப்பி "அக்கா, பார்த்தீங்களா?" என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். மறுமொழியும் போட்டேன். அதற்கு வந்த பதில்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள், "ஆண்டி, போய் சீரியல் பாருங்க" உட்பட. அதற்குத்தான் அதிக இதயக்குறி. இப்போது என் மறுமொழியே அங்கே இல்லை. சரி, இது என் சுவர். இதில் யாரும் வந்து கலர்ப்பொடி தடவ முடியாது.

தம்பி கேமராவைப் பார்த்துக் கண்ணை உருட்டிக்கொண்டு என்ன சொன்னார்? "ஆதித்த கரிகாலனைக் கொன்றது யாருங்கிற ரகசியம் இந்தக் கல்லுலதான் ஒளிஞ்சிருக்கு." பின்னணியில் பொன்னியின் செல்வன் படத்தின் இசை. ஒரு கை சுவரில் பொடியைத் தேய்க்கிறது. எழுத்துகள் பளிச்சென்று தெரிகின்றன. அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் படித்துப் பாருங்கள். "சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு" என்று இருக்கிறது. கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க யாரோ ஒரு புண்ணியவான் 96 ஆடு கொடுத்திருக்கிறார். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும், கணக்கில் 96 குறையாது. அதனால்தான் சாகவும் சாகாது, மூப்பும் அடையாது. எவ்வளவு அழகான ஏற்பாடு! அதைப் போய்க் கொலை வழக்காக்கிவிட்டார் தம்பி. ஆடு கொடுத்தவரின் ஆவி என்ன பாடு படுகிறதோ.

என் மறுமொழியில் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நாவலைக் கொண்டாடுங்கள், படத்தைக் கொண்டாடுங்கள், கல்வெட்டை மட்டும் அதற்குச் சாட்சி சொல்லக் கூண்டில் ஏற்றாதீர்கள். இதில் யாரைத் திட்டினேன்? எந்த இடத்தில் வயிறு எரிந்தது?

கொலையைச் சொல்லும் கல்வெட்டு இல்லாமல் இல்லை. காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது 987ஐ ஒட்டி. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான" என்று சொல்லிவிட்டுப் பெயர்களையும் தருகிறது: சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். அவர்கள் சொத்தையும் உறவுக்காரர்கள் சொத்தையும் பறிமுதல் செய்யச் சொல்லி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஓலை அது. அப்படிப் பறிமுதலான நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கித் தர்மத்துக்கு எழுதிவைத்ததால்தான் இந்த விஷயமே கல்லில் ஏறியது. சுருக்கமாகச் சொன்னால் நிலப் பத்திரம். ஏன் கொன்றார்கள் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. எங்கே கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்பதும் கிடையாது. நாவலில் வரும் நந்தினியும் கிடையாது, கடம்பூர் மாளிகையும் கிடையாது. கொலைக்கும் இந்த ஓலைக்கும் நடுவே உத்தம சோழனின் ஆட்சியே முழுதாக ஓடி முடிந்திருக்கிறது. அத்தனை காலம் கொலைகாரர்கள் தண்டிக்கப்படாததை வைத்து வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. அவ்வளவு படித்தவர்கள் சண்டை போட்டே முடியாத வழக்கை, தம்பி ஒரு நிமிட வீடியோவில் முடித்துவைத்துவிட்டார். அதுவும் வேறொரு கோயில் சுவரில்.

உடனே ஒருவர் வருவார், "உங்களுக்கு நாவலே பிடிக்காது போல" என்று. ஐயா, எனக்கா?

எங்கள் அத்தை வீட்டில் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, சணல் போட்டுத் தைத்த பொன்னியின் செல்வன் இருந்தது. நடுநடுவே விளம்பரப் பக்கம், பாதிக் கட்டுரை, யாரோ கணக்குப் போட்டுப் பார்த்த ஓரங்கள். மூன்றாம் பாகத்தில் சில அத்தியாயங்கள் காணாமல் போயிருந்தன. கரையான் தின்றதா, கடன் கொடுத்து வராமல் போனதா, யாருக்கும் தெரியாது. அந்த இடம் வந்ததும் அத்தை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தானே சொல்ல ஆரம்பித்துவிடுவாள். பூங்குழலி பாடினாள் என்பாள், இவளே பாடுவாள். பிறகு கண்டிப்பாக ஒரு வாக்கியம் சேர்ப்பாள்: "இது கல்கி எழுதினது இல்லடி, நான் சொன்னது." எட்டாவது தாண்டாத அத்தைக்கு இந்தக் கணக்கு இருந்தது. கல்கி எழுதியது எது, தான் சேர்த்தது எது என்று பிரித்துவைக்கத் தெரிந்தது. லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்களை வைத்திருக்கிறவர்களுக்கு அது முடியவில்லை.

இன்னொன்று. கல்கியே இந்தக் குழப்பத்தைச் செய்யவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியவர், கதையின் நடுவே நின்று அன்பில் செப்பேடு கிடைத்ததையும் திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் வாசகருக்குச் சொல்கிறார். வந்தியத்தேவனை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையைக் குறிப்பிடும்போது "வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்" என்று, அதாவது அவர் மனைவி என்று வருகிறது. அந்த ஆளைப் பற்றி மிஞ்சியது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த நூலிழையைப் பிடித்து ஒரு முழு மனிதனை, குறும்பும் பசியும் வாய்த்துடுக்குமாக, நெய்துவிட்டார். அதைத்தான் நாம் கொண்டாட வேண்டும். "எல்லாம் உண்மையில் நடந்தது" என்று நீங்கள் சொல்லும்போது கல்கியைப் பாராட்டுவதாக நினைக்கிறீர்கள். அந்த மனிதரின் கற்பனையை அல்லவா பிடுங்கிக்கொள்கிறீர்கள்? நடந்ததைப் பார்த்து எழுதியவர் என்றால் அவர் நிருபர்தானே.

படங்களைப் பற்றியும் எனக்குக் குறை இல்லை. 2022லும் 2023லும் தியேட்டரில்தான் பார்த்தேன். நாவலில் வரும் கடம்பூர் மணிமேகலையே இல்லை என்றதும் மனசு கொஞ்சம் சுருங்கியது, கரிகாலன் சாவையும் மாற்றிவிட்டார்கள், போகட்டும். அது இயக்குநரின் உரிமை. அரண்மனைக் காட்சிகளுக்கு மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா வரைக்கும் போனார்கள். வேறென்ன செய்வார்கள்? நின்றுகொண்டிருக்கும் சோழர் அரண்மனை ஒன்று நம்மிடம் இருந்தால் அல்லவா அங்கே கேமரா வைப்பதற்கு.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் போனால் கோயிலோடு திரும்பிவிடாமல் மாளிகைமேடும் போய்ப் பாருங்கள். ராஜேந்திரன் அரண்மனை இருந்த இடம். செங்கல் சுவரின் அடிப்பகுதி, கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனத்துப் பீங்கான் சில்லு, இவைதான் குழியில் கிடைப்பவை. நான் போயிருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. அப்பா வேலி ஓரமாக நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? அரண்மனை எங்கே?" என்றார். படத்தில் பார்த்த தூணையும் உப்பரிகையையும் தேடுகிறார் பாவம். அவர் பெண் மட்டும், ஏழெட்டு வயசு இருக்கும், அங்கே எழுதி வைத்திருந்த பலகையைப் படித்துவிட்டு "ஆணி இருந்தா மரம் இருந்திருக்கும்லப்பா?" என்று கேட்டாள். எனக்கு ஓடிப்போய் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதுதான் தொல்லியல். ஓட்டைப் பார்த்துக் கூரையை யோசிப்பது, ஆணியைப் பார்த்து உத்தரத்தை யோசிப்பது. அப்பா அதற்குள் "வா வா, வெயில்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். படத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவருக்கு எதிரில் இருந்த நிஜ அரண்மனை தெரியவில்லை.

"படம் வந்ததால்தானே இந்தக் கூட்டமாவது வருகிறது?" ஒத்துக்கொள்கிறேன். சுற்றுலா வளர்ச்சிக் கழகமே பொன்னியின் செல்வன் பெயரில் பயணம் போட்டது. நல்லது. வரட்டும். ஆனால் வந்தபிறகு என்ன சொல்லி அனுப்புகிறோம்? கூட்டம் வந்தால் போதும் என்றால் திருவிழா போதுமே, வரலாறு எதற்கு?

"பொடிதானே, கழுவினால் போச்சு" என்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இதில்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். மைப்படி எடுப்பதை, அதாவது கல்வெட்டைக் காகிதத்தில் மை ஒற்றிப் படியெடுப்பதை, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? எனக்கு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் காட்டினார். முதலில் நார் பிரஷ்ஷால் பாசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மெதுவாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த காகிதத்தைச் சுவரில் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதம் உட்காரும்வரை தட்ட வேண்டும். காற்று ஒரு குமிழி உள்ளே நின்றாலும் ஓர் எழுத்து போச்சு. அரைகுறை ஈரத்தில், துணிப்பந்தில் மை தொட்டு மேலோட்டமாக ஒற்ற வேண்டும். காகிதம் கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். காயும் முன் காற்றடித்தால் முழுக் காகிதமும் பிய்ந்து வரும், மறுபடி முதலிலிருந்து. ஆசிரியருக்கு முட்டி வலி, சுவரின் அடியில் உள்ள குமுதப் பட்டையில் இருக்கும் வரியைப் படிக்க மணிக்கணக்காகக் குந்தியே இருப்பார். அப்படிப்பட்டவர்கள் கஷ்டப்பட்டுக் காப்பாற்றுகிற எழுத்துப் பள்ளத்தில்தான் தம்பி எதிலிருந்து செய்தது என்றே தெரியாத சாயப்பொடியைத் திணிக்கிறார்.

"அந்தக் காலத்தில் ஆராய்ச்சியாளர்களே சுண்ணப்பொடி தடவிப் படிக்கவில்லையா?" என்று ஒருவர் மடக்கினார். தடவினார்கள். அவர்கள் படிக்கத் தடவினார்கள், நீங்கள் லைக்குக்குத் தடவுகிறீர்கள். இந்தப் பதில் சரியாக இல்லை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது கையில் எல்லாருக்கும் செல்போன் இருக்கிறது, அதில் டார்ச் இருக்கிறது. வெளிச்சம் மங்கிய நேரத்தில் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள், எழுத்து தானே எழுந்து நிற்கும். பொடி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், குரல் மட்டும் கொஞ்சம் குறைத்துப் பேசினால் போதும்.

அப்புறம், "நீ என்ன தொல்லியல் படித்தவளா?" இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். வீடியோ போடும் தம்பியிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவருக்கு மைக் இருக்கிறது, எனக்கு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. தப்பாகவே இருந்தாலும் கத்திச் சொல்கிறவர் வரலாற்று ஆர்வலர். சரியான வரியைப் படித்துச் சொல்கிறவள் சீரியல் பார்க்க வேண்டிய ஆண்டி. உங்கள் சோழப் பெருமையில் உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி எப்படி நுழைந்தார் என்றுதான் தெரியவில்லை. செங்கல் கோயில்களைக் கல் கோயிலாக்கிப் பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மறுபடி வெட்டச் சொன்ன அந்த அம்மாவையும் சீரியல் பார்க்க அனுப்பியிருப்பீர்கள்.

பெருமை என்றதும் கேட்கத் தோன்றுகிறது. ஆண்ட பரம்பரை, புலிக்கொடி என்று முகப்புப் படம் வைத்திருக்கும் நீங்களெல்லாம், கோயில்களில் மணல் வீச்சு என்று மிஷினை வைத்துச் சுவரைப் பளபளப்பாக்கி எழுத்தை மழித்தபோது எங்கே இருந்தீர்கள்? தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் மைசூரில் கிடந்தன. சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அதைப் பற்றி எத்தனை ரீல் வந்தது? 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட கங்கைகொண்ட சோழபுரத்து மதிலைப் பெயர்த்துக் கல்லைக் கொண்டுபோனான் வெள்ளைக்காரன் என்று மட்டும் மூச்சு விடாமல் திட்டுவீர்கள். அவனாவது தண்ணீருக்கு அணை கட்டினான்.

என் அம்மாவின் ஊர்க் கோயிலில் திருப்பணி என்ற பெயரில் தரையை உயர்த்தி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். கருவறையைச் சுற்றி அதிட்டானத்தில், அதாவது சுவரைத் தாங்கும் அடித்தளத்தில், ஓடிய கல்வெட்டில் கீழ் வரிகள் சிமெண்டுக்குள் போய்விட்டன. மேல் வரியில் ஒரு ஊர்ப்பெயரும் "இவ்வூர் ஏரி" என்பதும் தெரிகிறது. ஏரிக்கு யார் என்ன கொடுத்தார்கள், யார் தூர் வார வேண்டும், தவறினால் என்ன தண்டம், எல்லாம் டைல்ஸுக்கு அடியில். நான் கேட்டபோது முன்னின்று செய்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "அதுல என்னம்மா இருக்கு, ராஜா பேரா இருக்கு?" அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? ராஜா, கொலை, சூழ்ச்சி, ராணி இருந்தால்தான் அது வரலாறு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

மறுபடி மறுபடி ஒன்றையே சொல்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது. தம்பி அந்த வீடியோவை எடுக்கப்போவதில்லை, அதுவும் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் யார் ஊரிலாவது இப்போது திருப்பணி நடந்தால், சிமெண்டு கலவை வருவதற்கு முன் போய், அதிட்டானத்தைச் சுற்றிலும் விடாமல் படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு அடி ஸ்கேல் தெரியட்டும். எந்த ஊர், எந்தத் திசைச் சுவர் என்று எழுதி அனுப்புங்கள். படிக்கத் தெரிந்தவர்களிடம் சேர்ப்பது என் பொறுப்பு. பின்னணி இசை சேர்க்க வேண்டாம்.