ஓரத்தை வெட்டாதீர்கள்

போன வாரம் கோவையின் பழைய மில் கேட் ஒன்றைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். "அந்த ஒயரையும் பேக்கரி போர்டையும் எடுத்துவிட்டால் இன்னும் அழகாக இருக்கும்" என்று ஒரு மூத்த நண்பர் அக்கறையோடு சொன்னார். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

பதினைந்து வருடத்துக்கு முன் நானும் அப்படி வெட்டியவன்தான். ஒரு மில்லின் புகைபோக்கி மட்டும் வானத்தில் நிற்க வேண்டும் என்று, கீழே இருந்த சைக்கிள் ஸ்டாண்டையும் வடைக்கடையையும் வெட்டிச் சேமித்தேன். ஒரிஜினலை அழித்தும்விட்டேன். இன்று அங்கே இரண்டுமே இல்லை. புகைபோக்கிக்குத் தேடினால் பத்துப் படமாவது கிடைக்கிறது. ஷிப்ட் மாறும்போது நூற்றுக்கணக்கில் சைக்கிள் நின்ற அந்த ஸ்டாண்டுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை.

இந்த ஊர் மில்லால் வளர்ந்த ஊர். 1888-ல் ஸ்டேன்ஸ் மில், 1910-ல் லட்சுமி மில், அப்புறம் 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்ததும் வரிசையாக எத்தனையோ மில்கள். பங்கஜா, முருகன், கம்போடியா மில்களெல்லாம் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை. பல இடங்களில் மில் போய்விட்டது, பஸ் ஸ்டாப்பின் பெயரில் மட்டும் இருக்கிறது.

மில் கூரையைக் கவனித்திருக்கிறீர்களா? ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். சரிவான பக்கம் ஓடு அல்லது தகரம், நிமிர்ந்த பக்கம் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை வடக்குப் பார்த்து வைப்பார்கள். நேர் வெயில் விழாமல் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும், அறுந்த இழை கண்ணுக்குத் தெரியும். ஆளைப் படம் எடுக்க நாங்கள் தேடி அலைகிற வெளிச்சமும் அதேதான். அந்த வெளிச்சத்தில் நின்று அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டவர்களின் முகம் எத்தனை படத்தில் இருக்கிறது?

நல்லவேளை, 2001-ல் ஃபிலிமில் எடுத்த ஒன்று வெட்டுப்படாமல் தப்பியது. அரை நைட், அதாவது நடுராத்திரி வாக்கில் முடிகிற ஷிப்ட், விட்டு ஆட்கள் வெளியே வருகிற படம். பிரிண்ட் போட்டு, மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் காட்டினேன். கேட்டையும் புகைபோக்கியையும் அவர் பார்க்கவே இல்லை. ஓரத்தில் பாதி மட்டும் தெரிகிற ஒரு சைக்கிளின் மேல் விரலை வைத்தார். "இந்தத் தூக்குப்போசி எங்க ஊட்டுதுங்க தம்பி. மூடி நசுங்கியிருக்குது பாருங்க." ஹேண்டில்பாரில் தொங்கிய அந்தச் சாப்பாட்டுப் போசியை இருபது வருடமாக நான் கவனித்ததே இல்லை. பிரிண்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். சட்டைப் பையில் வைத்தால் மடங்கிவிடும் என்று வீடு வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

அதனால்தான் சொல்கிறேன். ஒயர் இருக்கட்டும், போர்டு இருக்கட்டும், குறுக்கே போன ஆள் இருக்கட்டும். படத்தின் பின்னால் வருடத்தையும் தெருப் பெயரையும் எழுதி வையுங்கள். மொபைலில் எடுத்ததாக இருந்தாலும் சரி, கலங்கியிருந்தாலும் சரி.

உங்கள் வீட்டு ஆல்பத்தில் மில் கேட் முன்னால் நின்று எடுத்த படம், ஆயுதபூஜை அன்று மெஷினுக்கு மாலை போட்ட படம், மில் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் எடுத்த கல்யாணப் படம் எது இருந்தாலும் ஸ்கேன் செய்து கமெண்டில் போடுங்கள். முக்கியமாக, சைக்கிள் ஸ்டாண்ட் தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். எந்த ஏரியாவாக இருந்தாலும் நானே வந்து ஸ்கேன் செய்து, ஒரு பிரிண்டும் போட்டுத் தருகிறேன்.