மணி ஓய்ந்த பிறகு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 அன்று தீயணைப்பு நிலையங்களில் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள் அது. இறந்தவர்களுக்கு ஒரு நாள் வைத்திருக்கும் நாம், பணி முடிந்து வீடு திரும்புகிறவர் எந்த மனநிலையில் திரும்புகிறார் என்று கேட்பதே இல்லை.

என் சித்தப்பா தீயணைப்போராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த கட்டடங்களைப் பற்றித் தயங்காமல் பேசுவார். கிணறுகளிலிருந்து தூக்கிய உடல்களைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. இப்போதும் இரவில் எங்காவது மணி ஒலித்தால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவதாகச் சித்தி சொல்வார்.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை மீட்க 80 மணி நேரத்துக்கும் மேலாகப் போராடினார்கள். பக்கத்தில் தோண்டிய குழிக்குள் தீயணைப்பு வீரர்கள் ஏணியில் இறங்கிப் பாறையைப் பார்த்துவிட்டு ஏறி வந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. குழந்தை பிழைக்கவில்லை. நாம் அழுது தீர்த்தோம். குழிக்குள் இறங்கியவர்கள் எங்கே போய் அழுதிருப்பார்கள் என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அடுத்த ஆண்டு தீபாவளி விடியலில் மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற இரண்டு வீரர்கள் பழைய கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். ஊரெல்லாம் கொண்டாடும் அந்த நாள்தான் தீயணைப்பு வீரர்களுக்கு ஓய்வே இல்லாத நாள். உடன் சென்று உயிரோடு திரும்பியவர்கள் அடுத்த தீபாவளிக்கும் அதே வண்டியில்தான் ஏற வேண்டும்.

நீங்காத பணி அழுத்தத்தால் உடலும் மனமும் வற்றிப்போய், செய்யும் வேலையிலிருந்தே மனம் விலகிப்போகும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிசார்ந்த நிகழ்வாகவே வரையறுத்தது. அதாவது, அதைத் தனிமனிதரின் மனவலிமைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. பணியிடத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு. வீரர் என்று நாம் மனமாரத்தான் அழைக்கிறோம். ஆனால் தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது என்று சொல்ல நினைப்பவரின் வாயை அந்தச் சொல்லே அடைத்துவிடுகிறது.

அதனால்தான், உதவி வேண்டுமென்றால் அவரே கேட்கட்டும் என்ற ஏற்பாடு போதாது என்கிறேன். உயிர் பறிபோன மீட்புப் பணிக்குச் சென்ற குழுவில் உள்ள எல்லோருக்கும், யாரும் விண்ணப்பிக்காமலேயே, மறுநாள் ஓய்வு தரப்பட வேண்டும். துறைக்கு வெளியிலிருந்து வரும் மனநல ஆலோசகரிடம் அவர்கள் பேச வேண்டும். அங்கே பேசிய ஒரு சொல்கூடப் பணிப்பதிவேட்டில் ஏறக் கூடாது.