பல்லாங்குழிக்கு என்னய்யா அப்டேட்?

புது போன் வாங்கி, பழையதில் இருந்த பல்லாங்குழி ஆப்பைத் தேடினால் கடையில் காணோம். அப்டேட் வராத பழசாம், தூக்கிவிட்டார்கள். பல்லாங்குழியில் என்ன அப்டேட்? 14 குழி, குழிக்கு 5 சோழி. பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இதே கணக்குதான்.

மற்ற கடைகளும் சளைத்தவை இல்லை. 3 வருடம் அப்டேட் இல்லை, டவுன்லோடும் சொற்பம் என்றால் நீக்குவோம், திருத்த 90 நாள் தருவோம் என்று 2022இல் ஆப்பிள் விளக்கம் சொன்னது. சரி, பாதுகாப்பு முக்கியம்தான். ஆனால் இன்டர்நெட்டே கேட்காத விளையாட்டு யாரை என்ன செய்துவிடும்? டார்ச் அடிக்க என் கான்டாக்ட் லிஸ்டைக் கேட்கிற ஆப் மட்டும், எனக்குக் கைவிரித்த கடையில் வாராவாரம் அப்டேட் ஆகி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

பல்லாங்குழிக்காகவே பழைய போனை சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். அதன் பேட்டரி வேறு உப்பத் தொடங்கிவிட்டது.