கண்ணின் நிறம் மாறுகிறது, சரி. அதைப் பார்ப்பது யார்?

கோபம் வந்ததும் நாயகனின் கண் செக்கச் செவேலென்று ஒளிர்கிறது. துக்கம் என்றால் நீலம். மந்திரசக்தி விழித்துக்கொண்டால் பொன்னிறம். தீயசக்தி உள்ளே புகுந்துவிட்டால் வெள்ளை விழிகூட மிச்சமில்லாமல் முழுக் கறுப்பு. மிகுபுனைவு (ஃபேன்டஸி) தொடர்கதை எதைத் திறந்தாலும் இப்போது இதுதான் நடக்கிறது. எனக்கு இந்த உத்தி மிகவும் பிடிக்கும். பிடித்த பொருளை ஒருவர் வீணடித்தால் வருமே ஒரு எரிச்சல், அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

‘அவள் கோபப்பட்டாள் என்று நேரடியாகச் சொல்லாதே, காட்டு’ என்று எழுத வருகிறவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். உடனே அந்தக் கோபத்தைத் தூக்கிக் கண்ணில் வைத்துவிடுகிறார்கள். இது காட்டுவது ஆகாது. சொல்வதையே வண்ணத்தில் சொல்வது. சிக்னல் விளக்கைப் பார்த்து யாரும் அதன் மனநிலையை யோசிப்பதில்லை. நிற்கிறோம் அல்லது போகிறோம். இந்தக் கதைகளைப் படிக்கும் வாசகரும் அப்படித்தான் நடத்தப்படுகிறார்.

இதிலும் மோசம், தன்மையில் சொல்லப்படும் கதை. ‘என் கண்கள் ஊதா நிறத்துக்கு மாறின’ என்கிறான் நாயகன். ஐயா, உமக்கு எப்படித் தெரிந்தது? அடுத்த அத்தியாயத்தில் தவறாமல் ஒரு கண்ணாடி வந்துவிடும், இல்லாவிட்டால் ஒரு குளம்.

இந்த உத்தியின் சாரமே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கை நடுங்கினால் நமக்குத் தெரியும். முகம் சிவந்தால் சூடு தெரியும். தொண்டை அடைத்தால் தெரியும். கண்ணின் நிறம் மாறினால் மட்டும் உடையவருக்குத் தெரியாது. எதிரில் நிற்பவருக்குத்தான் தெரியும். தன்னைப் பற்றிய ஒரு செய்தி தனக்கு முன்பே இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த இன்னொருவர் காதலராக இருக்கலாம், எதிரியாக இருக்கலாம், காட்டிக்கொடுக்கத் தயங்காத தம்பியாகவும் இருக்கலாம். கதை அங்கே தொடங்குகிறது. பார்ப்பவர் இல்லாமல் மாறும் கண் வெறும் அலங்காரம்.

வள்ளுவர் இதை ஏழே சீரில் முடித்திருக்கிறார். 1239ஆம் குறள். தலைவனும் தலைவியும் தழுவிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் குளிர்ந்த காற்று கொஞ்சம் நுழைகிறது. அந்த அளவு பிரிவுக்கே அவளுடைய பெரிய, குளிர்ந்த கண்கள் பசந்துவிடுகின்றன, அதாவது பிரிவுத் துயரில் நிறம் வெளிறிவிடுகின்றன. பரிமேலழகர் இதை அவள் கூற்றாகக் கொள்வதில்லை. போன வேலையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும் தலைவன் தனக்குள் சொல்லிக்கொள்வதாகக் கொள்கிறார். அதாவது நிறம் மாறியது அவளுக்கு, அதைச் சுமந்துகொண்டு நடப்பவன் அவன். ஒரு காற்றிடைவெளிக்கே அப்படி ஆனவள் இத்தனை நாள் பிரிவில் என்ன ஆகியிருப்பாள் என்ற கேள்வியைக் குறள் கேட்கவில்லை. அவன் கேட்டுக்கொள்வான், நாமும் கேட்டுக்கொள்வோம். நெற்றி பசந்ததைப் பார்த்துக் கண்ணின் பசப்பும் துன்பப்பட்டது என்று அடுத்த குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது சற்று மிகை என்று எனக்கு எப்போதும் தோன்றும்; 1239 போதும்.

குறுந்தொகை 354ஆம் பாட்டில் தோழி தலைவனிடம் சொல்கிறாள்: நீரில் நெடுநேரம் ஆடினால் கண்ணும் சிவக்கும், அளவு மீறிக் குடித்தால் தேனும் புளிக்கும். கண் சிவக்க எத்தனை காரணம் பாருங்கள். நீராட்டு, தூக்கமின்மை, புகை, கள், அழுகை, ஆத்திரம். சிவந்த கண்ணோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால் எதிரில் இருப்பவர் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தவறாகவும் தேர்ந்தெடுக்கலாம். ‘சிவப்பு என்றால் தீயசக்தி’ என்று அகராதி போட்டு எழுதுகிறவர்கள் இந்தத் தவறுக்கான இடத்தையே அடைத்துவிடுகிறார்கள்.

உடலியல் சொல்வதும் கதைக்காரர்களுக்கு உதவும். கண்ணில் நிறமுள்ள வளையம் உணர்ச்சிக்குத் தக்கபடி நிறம் மாற்றுவதில்லை. அதன் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மெலனின். நீலக் கண்ணில் நீல நிறமி எதுவும் கிடையாது. மெலனின் குறைவாக இருப்பதால் ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது. வெளிச்சம் குறைந்தாலோ மனம் கிளர்ந்தாலோ விரிவது நடுவிலுள்ள கரிய பாவைதான். அது விரியும்போது வளையம் ஒடுங்கி, வெளிர் கண்ணும் கறுத்ததுபோலத் தோன்றும். உண்மையான நிறமாற்றம் நிதானமாக நடப்பது. கிளாகோமா என்ற கண் அழுத்த நோய்க்குப் போடும் லாட்டனோபிராஸ்ட் சொட்டு மருந்து சிலருக்கு மாதக்கணக்கில் கண்ணைப் பழுப்பாக்கும். அது பெரும்பாலும் திரும்பி வராது. துருவப் பகுதிப் பனிமானுக்கு விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. கோடையில் பொன்னிறமாக இருக்கும் அது, நீண்ட இருட்டுக் காலத்தில் நீலமாகிவிடுகிறது. 2013இல் வெளிவந்த ஆய்வு இது. மாதக்கணக்கில் பாவை விரிந்தே இருப்பதால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, படலத்தின் இழைகள் நெருங்கி, நிறம் மாறுகிறதாம். எந்த மந்திரவாதியின் கண்ணும் இவ்வளவு பாடுபட்டு நிறம் மாறி நான் படித்ததில்லை.

1965இல் வந்த ‘டியூன்’ என்ற அறிவியல் புனைவு நாவல் இன்னும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பாலைவனக் கிரகத்தின் மசாலாப் பொருள் உடம்பில் ஊறினால் வெள்ளை விழி உட்பட எல்லாம் நீலமாகிவிடும். கோபத்துக்கு ஒரு நீலம், காதலுக்கு ஒரு நீலம் என்றெல்லாம் கிடையாது. எங்கே வாழ்ந்தாய், எதற்கு அடிமையானாய் என்பதை மட்டும் அந்தக் கண் சொல்லும், சாகும்வரை சொல்லும். இறுதிப் பகுதியில், பேரரசருடன் வந்திருக்கும் விண்வெளிக் கழகத்து ஆள் ஒருவரின் காண்டாக்ட் லென்ஸ் நழுவிவிடுகிறது, அடியில் நீலம். எல்லோரையும் ஆட்டிவைக்கும் கழகமும் அதே பொருளுக்கு அடிமை என்பது பல பேர் நிற்கும் இடத்தில் அம்பலமாகிறது. ஒரு லென்ஸ் செய்த வேலை.

பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிளோபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலை இந்த வரிசையில் வைத்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். அதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. ஆனால் நாயகி எம்மாவின் கண்கள் ஓரிடத்தில் பழுப்பு, ஆனால் கறுப்பாகத் தோன்றுகின்றன, ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் நீலம். கவனக்குறைவு என்று ஆய்வாளர் ஈனிட் ஸ்டார்க்கி குறை சொன்னார். அந்தக் குறைக்கு ஆங்கில நாவலாசிரியர் ஜூலியன் பார்ன்ஸ் தன் நாவல் ஒன்றில் ஓர் அத்தியாயம் முழுக்கப் பதில் எழுதினார். நான் பார்ன்ஸ் கட்சி. திருமணமான புதிதில், காலை வெயிலில், தலையணையில் அவள் முகத்துக்கு மிக அருகே படுத்துக்கொண்டு கணவன் சார்ல் பார்க்கிறான். நிழலில் கறுப்பு, பகலொளியில் கருநீலம், அடியில் அடர்ந்தும் மேலே வர வர வெளிறியும் அடுக்கடுக்காக நிறங்கள். அவ்வளவு ஆழத்தில் அவனுக்குத் தெரிவது என்ன? தலையில் கட்டிய துணியும் திறந்த சட்டைக் கழுத்துமாகத் தோள்வரைக்கும் சின்னதாக அவனே. மனைவியின் கண்ணில் அத்தனை நிறம் இருக்க, தன்னை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வேலைக்குப் போகிறவன். இந்தக் கல்யாணம் எங்கே போய் முடியும் என்பதை இந்த ஒரு பத்திக்குப் பிறகு யாரும் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு மனக்குறையும் உண்டு. உலகில் மிகப் பெரும்பாலானவர்களின் கண் பழுப்புதான். கதைகளிலோ பழுப்பு என்பது மாறுவதற்கு முந்தைய நிலை, அவ்வளவே. சாதாரணப் பெண்ணாக இருக்கும்வரை பழுப்பு. தேர்ந்தெடுக்கப்பட்டவள் என்று தெரிந்ததும் மரகதம், வெள்ளி, ஊதா. பழுப்புக் கண்ணுள்ள எழுத்தாளர்கள் பழுப்புக் கண்ணுள்ள வாசகர்களுக்கு எழுதும் கதைகளிலும் இதுவே நடப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பொன்னிறக் கண்ணோடு பிறந்த ஒருத்தியின் கண் மெல்ல மெல்லப் பழுப்பாகிறது, வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அவளிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. இப்படி ஒரு கதையை யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள், தேடிப் படிக்கிறேன்.