"கொஞ்ச நாள் பொறுத்துப் பார்" என்பவர்களுக்கு

ஆபீசில் ஒருவர் தொல்லை கொடுக்கிறார் என்று யாராவது வாய் திறந்தால் போதும், "கொஞ்ச நாள் பொறுத்துப் பார், எல்லா இடத்திலும் இருக்கிறதுதான்" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நாம் பொறுத்துக்கொண்டிருக்கும்போதே புகார் கொடுப்பதற்கான கெடு கரைந்துகொண்டிருக்கிறது. அது சொல்கிறவருக்கும் தெரிவதில்லை, கேட்கிறவருக்கும் தெரிவதில்லை.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க இந்தியாவில் 2013-இல் வந்த சட்டத்தின்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் விசாரணைக் குழு இன்னும் 3 மாதம் வரை தரலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் இனம், மதம், பாலினம் போன்றவற்றை வைத்துப் பாகுபாடு காட்டினால் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் பொதுவாக 180 நாளுக்குள் போக வேண்டும். மாநிலத்திலும் அதற்கான சட்டமும் அமைப்பும் இருந்தால் 300 நாள். கம்பெனிக்குள் புகார் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதால் அந்தக் கெடு பொதுவாக நீளாது.

"ஒரு தடவைதானே" என்பது அடுத்த சமாதானம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் கொண்டுவந்த 190-ஆவது உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்தாலும் அது துன்புறுத்தலாகலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. பயிற்சியில் இருப்பவர், வேலை தேடி வந்தவர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

சரி, எல்லாவற்றுக்கும் கேஸ் போட முடியுமா? முடியாது. எல்லார் மீதும் எரிந்து விழும் மேனேஜர் மோசமான மேனேஜர். பாகுபாட்டுச் சட்டத்துக்குள் அவர் பெரும்பாலும் வரமாட்டார். கர்ப்பம் என்று சொன்ன வாரத்திலிருந்து ஒருவருக்கு மட்டும் முக்கியமான வேலைகள் வராமல் நின்றுபோனால், அது வேறு கதை. அதே வேலை பார்க்கும் மற்றவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதைத்தான் நல்ல வக்கீல் முதலில் கேட்பார்.

அதற்குப் பதில் சொல்லக் குறிப்பு வேண்டும். "எப்போதும் கேவலமாகப் பேசுவார்" என்று எழுதி வைத்தால் ஒன்றுக்கும் உதவாது. "மார்ச் 4, காலை 11 மணி மீட்டிங். 'குழந்தை பெத்தவங்களை நம்பி ப்ராஜெக்ட் கொடுக்க முடியாது' என்றார். கூட இரண்டு பேர் இருந்தார்கள்." இப்படி, அன்றைக்கே, அந்த இரண்டு பேரின் பெயரோடு. வாய்மொழியாகச் சொன்னதை, "நீங்கள் காலையில் சொன்னதை இப்படித்தான் புரிந்துகொண்டேன்" என்று மெயிலில் கேட்டுவிடுங்கள். குறிப்பு உங்கள் சொந்த நோட்டில் இருக்கட்டும். வேலையை விட்டு அனுப்பும் நாளில் ஆபீஸ் லாக்இன்தான் முதலில் போகும். அதற்காகக் கம்பெனியின் ரகசிய ஃபைல்களை அள்ளிக்கொண்டு வராதீர்கள், கேஸ் உங்களுக்கு எதிராகவே திரும்பிவிடும்.

ஹெச்.ஆரில் நல்லவர்கள் உண்டு. ஆனாலும் அவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. அவர் உங்கள் வக்கீல் அல்ல. புகாரை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ, பாலியல் தொல்லைக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. வீட்டு வேலை செய்பவர்களும் அங்கே போகலாம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

வக்கீலிடம் போவதென்றால் ராஜினாமா எழுதுவதற்கு முன்னால் போங்கள். நீட்டுகிற தாளில் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள், படிக்க நேரம் கேளுங்கள். நிலத் தகராறு பார்க்கிற சொந்தக்கார வக்கீல் வேண்டாம், தொழிலாளர் சட்டம் பார்க்கிறவராகத் தேடுங்கள். அப்புறம், ஃபீஸுக்குப் பயந்து நிற்பவர்களுக்கு: இந்தியாவில் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் போதும்.